ஏசியின் காற்று வாய்களில் படியும் தூசி: நாமே துடைப்பதா, ஆளை அழைப்பதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு ஏசியில் காற்று வெளிவரும் இடம் சாம்பல் பூத்துக் கிடப்பதைப் பார்த்தவுடன் ஈரத்துணியும் கையுமாக நாற்காலியில் ஏறிவிடுபவர்கள் உண்டு. விளம்பரத்தில் கண்ட முதல் எண்ணை அழைத்து எல்லாவற்றையும் கழுவிவிடச் சொல்பவர்களும் உண்டு. எந்த வேலை நம் கைக்கு உட்பட்டது, எது பயிற்சி பெற்றவரிடம் விட வேண்டியது என்று தெரிந்துகொண்டால் பணம் மிச்சமாகும், இயந்திரமும் கெடாது. அந்த எல்லையை ஒட்டி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

காற்று வாயில் தூசி தெரிந்தால் உள்ளே குழாய் முழுவதும் தூசி என்று பொருளா?

பெரும்பாலும் இல்லை. குளிர்ந்த காற்று, காற்று வாயை மூடியிருக்கும் தகட்டுச் சட்டமான கிரில்லிலிருந்து வேகமாக வெளியேறும்போது அருகிலுள்ள அறைக் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த அறைக் காற்றில் மிதக்கும் துணி இழைகளும், தோல் துகள்களும், வெளியிலிருந்து வந்த மண் துகள்களும் கிரில்லின் விளிம்பிலும் அதைச் சுற்றியுள்ள கூரையிலும் மோதி ஒட்டிக்கொள்கின்றன. காற்று ஈரமாக இருக்கும் காலத்தில் குளிர்ந்த உலோகத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீர் படிவதால் ஒட்டுவது இன்னும் எளிதாகிறது. ஆகவே கிரில்லில் தெரியும் அழுக்கின் பெரும்பகுதி குழாயிலிருந்து வந்ததன்று, அறையிலிருந்தே வந்தது.

சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. ஏசியை நிறுத்திவிட்டுக் கிரில்லைக் கழற்றி, உள்ளே டார்ச் அடித்து, கைபேசியின் கேமராவை நீட்டிப் படம் எடுத்துப் பாருங்கள். தகரக் குழாயின் அடித்தளத்தில் விரலால் கோடு போடும் அளவுக்கு மெல்லிய தூசிப் படலம் தெரிந்தால் அது இயல்பானதே; அந்தப் படலம் தளத்தோடு ஒட்டிக் கிடக்கும், அறைக்குள் வராது. கொத்துக்கொத்தாகப் பஞ்சுபோல் திரண்டிருந்தாலோ, கட்டட வேலையின் சிமென்ட் தூளும் மரத்தூளும் குவிந்திருந்தாலோ, எலியோ பூச்சியோ இருந்ததற்கான தடயம் தெரிந்தாலோ நிலைமை வேறு. கிரில்லையும் வடிகட்டியையும் நன்றாகச் சுத்தம் செய்து மாட்டிய பின்னர், சில வாரங்களுக்குள்ளேயே வெளிவரும் காற்றோடு துகள்கள் உதிர்வதைக் கண்டால் அப்போதும் உள்ளே தேட வேண்டியதுதான்.

எங்கள் வீட்டில் சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசிதான் இருக்கிறது. குழாய் சுத்தம் என்பது இதற்கும் பொருந்துமா?

பொருந்தாது. ஸ்பிளிட் ஏசியில் காற்றுக்குழாய் என்று எதுவும் இல்லை. அறைக் காற்று இன்டோர் யூனிட்டின் மேற்புறமாக உள்ளே நுழைந்து, வலைபோன்ற ஃபில்டரையும் அதன் பின்னாலுள்ள குளிர்ந்த காயிலையும் (குளிர்பதனப் பொருள் ஓடும் குழாயும் மெல்லிய உலோகத் தகடுகளும் சேர்ந்த பாகம்) கடந்து, உருளை வடிவ புளோயரால் தள்ளப்பட்டு, கீழே ஆடும் தகடுகள் வழியாக வெளியே வருகிறது. எல்லாம் ஒரே பெட்டிக்குள் ஒரு சாண் தொலைவில் நடந்துவிடுகிறது. எனவே ஸ்பிளிட் ஏசி வைத்திருப்பவரிடம் யாராவது டக்ட் கிளீனிங் என்று பேசினால், எந்த டக்டைச் சொல்கிறீர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கூரைக்குள் குழாய்கள் ஓடும் சென்ட்ரல் ஏசி உள்ள வீடுகளுக்குத்தான் குழாய் பற்றிய பேச்சு பொருந்தும். கூரையில் பதித்த கேசட் ஏசியும் ஜன்னல் ஏசியும் அமைப்பில் ஸ்பிளிட் ஏசியின் பக்கமே நிற்கின்றன.

அப்படியானால் நாமே செய்யக்கூடிய வேலைகளின் எல்லை எது?

கண்ணுக்குத் தெரிவது, கைக்கு எட்டுவது, மின்சார பாகங்களுக்கு அப்பால் இருப்பது: இந்த மூன்றும் ஒருங்கே பொருந்தினால் அதை நீங்கள் தொடலாம். ஃபில்டர், முன்புற மூடி, ஆடும் தகடுகள், கூரையிலும் சுவரிலும் உள்ள கிரில்கள், கிரில்லைக் கழற்றியபின் கைநீளத்துக்குத் தெரியும் குழாயின் முதற்பகுதி ஆகியவை இதில் அடங்கும். வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டின்மேல் படிந்த சருகுகளையும் குப்பையையும் அகற்றுவதும் அடங்கும்.

அதற்கு மேல் போகக் கூடாத இடங்கள் தெளிவானவை. அவுட்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்றக் கூடாது; மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதற்குள் இருக்கும் கெபாசிட்டர் மின்னூட்டத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும், தொட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். இன்டோர் யூனிட்டின் ஓரத்தில் பிசிபி போர்டு என்ற மின்சுற்றுப் பலகை இருக்கும் பகுதியில் தண்ணீரோ ஸ்பிரேயோ படக் கூடாது. கேஸ் ஓடும் செப்புக் குழாய்களை வளைக்கவோ சுரண்டவோ கூடாது.

கிரில்லைச் சரியாகத் துடைப்பது எப்படி?

முதலில் ரிமோட்டில் நிறுத்துவதோடு விட்டுவிடாமல், மின்பலகையில் ஏசிக்கான சுவிட்சாக இருக்கும் எம்சிபியையும் இறக்கிவிடுங்கள். ரிமோட்டில் நிறுத்திய இயந்திரத்துக்குள் மின்சாரம் வந்துகொண்டேதான் இருக்கும். கிரில்லுக்கு நேர் கீழே உள்ள கட்டிலையும் துணிமணிகளையும் மூடிவிட்டு, மூக்கையும் வாயையும் நன்றாகப் பொத்தும் என்95 முகக்கவசத்தையும் கண்ணாடியையும் அணிந்துகொள்ளுங்கள். தலைக்கு மேலிருந்து விழும் தூசி நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

ஈரத்துணியை எடுத்த எடுப்பிலேயே வைக்காதீர்கள். உலர்ந்த தூசி ஈரம் பட்டதும் சேறாகி, தகடுகளின் இடுக்கில் அப்பிக்கொள்ளும். மென்மையான தூரிகை பொருத்திய வாக்குவம் கிளீனரால் உலர்ந்த தூசியை முதலில் உறிஞ்சுங்கள். ஹெபா வடிகட்டி உள்ள கிளீனராக இருந்தால் மிக நல்லது. 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தை அது பிடித்து வைக்கும். சாதாரண கிளீனரோ முன்பக்கம் உறிஞ்சிய நுண்தூசியில் ஒரு பங்கைப் பின்பக்கம் அறைக்குள்ளேயே ஊதிவிடும். பிறகு திருகுகளைக் கழற்றிக் கிரில்லை இறக்கி, பாத்திரம் துலக்கும் திரவம் சில துளி கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் ஒவ்வொரு தகட்டின் இரண்டு பக்கங்களையும் தேயுங்கள். முழுவதும் உலர்ந்த பிறகே திரும்ப மாட்ட வேண்டும்.

கிரில் இறங்கியிருக்கும்போதே குழாயின் வாயை வாக்குவம் கிளீனரால் எட்டிய மட்டும் சுத்தம் செய்துவிடலாம். ஆனால் குழாய் எதனால் ஆனது என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள். தகரமாக இருந்தால் கவலையில்லை. சுருள் கம்பியின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் போர்த்திய நெகிழ்குழாயாக இருந்தால் முரட்டுத் தூரிகை அதைக் கிழித்துவிடும். உட்புறத்தில் கண்ணாடி இழைப் பஞ்சு ஒட்டப்பட்டிருந்தால் தேய்க்கவே வேண்டாம். இழைகள் பிய்ந்து காற்றில் கலக்கும், அந்தத் தூசி வீட்டுத் தூசியைவிடத் தொல்லையானது.

மாட்டும்போது கிரில்லின் தகடுகள் முன்பிருந்த திசையிலேயே அமைகின்றனவா என்று பாருங்கள். தலைகீழாக மாட்டிவிட்டால் குளிர்காற்று கட்டிலுக்கு வராமல் சுவரைப் பார்த்துப் போய்விடும்.

காற்றை உள்ளிழுக்கும் கிரில்லையும் இதே போலத் துடைத்தால் போதுமா?

அதற்குத்தான் அதிக கவனம் வேண்டும். சென்ட்ரல் ஏசி உள்ள வீட்டில் அறைக் காற்று முழுவதும் அந்த ஒரு வாய் வழியாகவோ இரண்டு வாய்கள் வழியாகவோ திரும்பிச் செல்வதால் தூசி முதலில் சேர்வது அங்கேதான். கிரில்லுக்குப் பின்னால் ஃபில்டர் பொருத்தப்பட்டிருந்தால், அது சட்டத்தில் இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்தில் விரல் நுழையும் சந்து இருந்தாலும் காற்று எதிர்ப்பில்லாத அந்த வழியையே நாடும். வடிகட்டப்படாத தூசி நேராகக் காயிலுக்குப் போய்ச் சேரும். காற்றை உள்ளிழுக்கும் குழாயில் விரிசல் இருந்தாலும் இதே கதைதான். கூரை இடைவெளியில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் புழுதியை அது இழுத்துக்கொண்டே இருக்கும். எத்தனை முறை துடைத்தாலும் தூசி திரும்பி வருகிறது என்று சொல்பவர்கள் துணியைக் கீழே வைத்துவிட்டு முதலில் இந்த இரண்டையும் சோதிக்க வேண்டும்.

ஃபில்டரை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

ஸ்பிளிட் ஏசியின் வலை ஃபில்டரைத் தினமும் ஓடும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்ல வழக்கம். நாய் பூனை வளர்க்கும் வீட்டிலும், சாலையோர வீட்டிலும், பக்கத்தில் கட்டட வேலை நடக்கும்போதும் அதற்கு முன்பே பார்க்க வேண்டியிருக்கும். எடுத்த ஃபில்டரை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். வலைக்கண்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தால் இன்னும் சில நாள் ஓடும். ஒளி மங்கி, சாம்பல் நிறப் போர்வை போர்த்தியதுபோல் தெரிந்தால் உடனே கழுவ வேண்டும். நாட்காட்டியைவிட இந்தச் சோதனையையே நான் நம்பச் சொல்வேன்.

கழுவும்போது தூசி படிந்த பக்கத்தைக் கீழே வைத்து, அதன் மறுபக்கத்திலிருந்து தண்ணீரைப் பாய்ச்சினால் தூசி வந்த வழியே வெளியேறும். படிந்த பக்கத்தில் பாய்ச்சினால் அழுக்கை வலைக்கண்ணுக்குள் நாமே திணிப்பதாக ஆகிவிடும். கொதிநீர் ஆகாது, 40 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெந்நீரில் பிளாஸ்டிக் சட்டம் வளையலாம். நிழலில் உலர்த்துங்கள். ஈரம் காயாமல் மாட்டினால், நீங்கள் நீக்க நினைத்த பூஞ்சைக்கு நீங்களே இடம் போட்டுக் கொடுத்ததாகும்.

சென்ட்ரல் ஏசியில் பயன்படும் அட்டைச் சட்ட ஃபில்டர்கள் கழுவுவதற்கு உரியவையல்ல. அழுக்கானதும் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். சட்டத்தின் விளிம்பில் போட்டிருக்கும் அம்புக்குறி காற்று ஓடும் திசையை, அதாவது இயந்திரம் இருக்கும் பக்கத்தை நோக்க வேண்டும்.

நெருக்கமான, உயர்தர ஃபில்டரை வாங்கிப் போட்டால் தூசித் தொல்லை ஒழிந்துவிடாதா?

ஓரளவுக்கு உதவும், ஆனால் விலை கொடுத்து வாங்கும் முன் இயந்திரத்தைக் கேட்க வேண்டும். ஃபில்டர்களின் திறனை மெர்வ் என்ற அளவீட்டால் குறிக்கிறார்கள். மெர்வ் 8 வகை, 3 முதல் 10 மைக்ரான் வரையுள்ள துகள்களில் குறைந்தது 70 சதவீதத்தைப் பிடிக்கும். மெர்வ் 13 வகை அதே அளவுத் துகள்களில் 90 சதவீதத்தையும், 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள நுண்துகள்களில் பாதியையும் பிடிக்கும். எண் ஏற ஏறக் காற்றுக்கு உண்டாகும் எதிர்ப்பும் பொதுவாக ஏறுகிறது. அந்த எதிர்ப்பைத் தாங்கும்படி வடிவமைக்கப்படாத இயந்திரத்தில் போட்டால் காற்றோட்டம் குறைந்து குளிரும் குறையும். தயாரிப்பாளரின் கையேடு எந்த எண் வரை அனுமதிக்கிறது என்று பார்த்து, அதற்குள் மிக உயர்ந்ததை வாங்குவதே சரி. ஸ்பிளிட் ஏசியின் வலைக்குமேல் துணியையோ பஞ்சையோ கூடுதலாகப் போர்த்துவதும் இதே காரணத்தால் கூடாது.

ஃபில்டர் அடைத்துக்கொண்டால் உண்மையிலேயே இயந்திரம் கெடுமா?

கெடும். காயிலுக்குள் ஓடும் குளிர்பதனப் பொருள் அறைக் காற்றின் வெப்பத்தை வாங்கித்தான் ஆவியாகிறது. காற்று போதுமான அளவு வராதபோது வாங்க வெப்பம் இல்லை; காயிலின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இறங்கி, அதன்மேல் படிந்த நீர் பனிக்கட்டியாக உறைகிறது. பனி உறைய உறையக் காற்றோட்டம் மேலும் குறைகிறது. ஏசி ஓடிக்கொண்டே இருந்தும் அறை குளிராது, நிறுத்தியதும் பனி உருகிச் சுவரில் தண்ணீர் வழியும். இதற்கும் மேலே போனால் ஆவியாகாத திரவம், குளிர்பதன வாயுவை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசருக்குள் திரும்பி அதையே பழுதாக்கக்கூடும். காசில்லாமல் கழுவக்கூடிய ஒரு வலை, இயந்திரத்தின் மிக விலையுயர்ந்த பாகத்தைக் காக்கிறது என்பதால்தான் ஃபில்டரைப் பற்றி இத்தனை நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பனி உறைந்திருப்பதைக் கண்டால் கத்தியாலோ ஸ்குரூடிரைவராலோ குத்தாதீர்கள். கூலிங்கை நிறுத்தி ஃபேன் மோடில் ஓடவிட்டால் தானாக உருகிவிடும்.

ஆடும் தகடுகளுக்கு உள்ளே கறுப்பாகத் தெரிகிறதே, அது என்ன? அதை நாமே எடுக்கலாமா?

மின்சாரத்தைத் துண்டித்து, தகடுகளை மெதுவாகத் திறந்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்து உள்ளே பாருங்கள். நீண்ட உருளையில் வரிசையாக அமைந்த வளைந்த சிறு இதழ்கள் தெரியும், அதுதான் புளோயர். புதிதாக இருக்கும்போது ஒவ்வோர் இதழின் விளிம்பும் கூர்மையாகத் தெரியும். தூசி சேரச் சேர அந்த விளிம்பில் கம்பளித் துணிபோல் சாம்பல் நிறப் படிவு உருவாகி, ஈரத்தோடு சேர்ந்து கறுத்து, இதழ்களின் இடைவெளியையே தூர்த்துவிடுகிறது. காற்று குறைவதற்கும், ஏசியைப் போட்டவுடன் முடை நாற்றம் வீசுவதற்கும், படபடவென்று ஓசை எழுவதற்கும் பல வீடுகளில் இதுதான் காரணம்.

இதைக் குச்சியில் துணி சுற்றிக் குடைந்து எடுக்க முயல்பவர்கள் நிறையப் பேர். நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். இதழ்கள் மெல்லிய பிளாஸ்டிக்கால் ஆனவை. ஒன்று உடைந்தாலும் உருளையின் சமநிலை போய், அதிர்வும் இரைச்சலும் நிரந்தரமாகிவிடும். பாதி மட்டும் சுத்தமானாலும் அதே விளைவுதான், ஏனென்றால் எடை ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது. புளோயரைச் சுத்தம் செய்வது பயிற்சி பெற்றவரின் வேலை. அவர் இயந்திரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் உறை கட்டி, மின்பகுதியை மூடி, ஜெட் பம்பால் அளவான அழுத்தத்தில் நீர் பாய்ச்சிக் கழுவுவார், அல்லது உருளையையே கழற்றி எடுத்துக் கழுவுவார். உறையின் அடியில் வாளியில் விழும் நீரின் நிறத்தைப் பார்த்தாலே வேலையின் தேவை புரிந்துவிடும்.

கடையில் விற்கும் காயில் கிளீனர் ஸ்பிரேயை வாங்கி அடிக்கலாமா?

காயிலின்மேல் மெல்லிய தூசி மட்டும் இருந்தால் மென்மையான தூரிகையால் தகடுகள் ஓடும் திசையிலேயே, மேலிருந்து கீழாக வருடிவிட்டால் போதும். குறுக்கே தேய்த்தால் காகிதம்போன்ற அலுமினியத் தகடுகள் மடங்கிக் காற்று வழி அடைபடும். ஸ்பிரேதான் வேண்டுமென்றால், இன்டோர் யூனிட்டுக்கென்றே தயாரிக்கப்பட்டதா என்று லேபிளில் பார்த்து வாங்குங்கள். கடுமையான அமிலமோ காரமோ கலந்தவை அலுமினியத்தையும் செம்பையும் அரிக்கும். ஸ்பிரேயால் இளகும் அழுக்கு, காயிலிலிருந்து சொட்டும் நீரைத் தாங்கும் வடிகால் டிரேயில் விழுந்து வடிகுழாயை அடைத்து, மறுநாளே சுவரில் நீர் ஒழுகுவதுமுண்டு. அதனால் அடித்த பிறகு நீர் சீராக வெளியேறுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பிளீச்சிங் திரவத்தை ஏசிக்குள் பயன்படுத்தவே வேண்டாம். அதுவும் அமிலமும் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியா உள்ள துப்புரவுத் திரவத்தோடு கலந்தாலும் நச்சு வாயு உண்டாகும். பிறகு அதே இயந்திரம் அதை அறையெங்கும் ஊதிவிடும்.

கிரில்லில் உள்ள கறுப்புப் புள்ளிகள் தூசியா, பூஞ்சையா?

கண்ணால் மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் குறிப்புகள் உண்டு. கோடு கோடாக, காற்று ஓடும் திசையில் நீண்டு, தேய்த்தால் கரிபோல் கையில் ஒட்டினால் அது மெழுகுவத்தி, சமையல் போன்றவற்றின் புகைக்கரியாக இருக்க வாய்ப்பு அதிகம். வட்ட வட்டமாக, ஈரமான மூலைகளில் தோன்றி, துடைத்த சில நாட்களில் அதே இடத்தில் மீண்டும் முளைத்து, மண்வாடை வீசினால் பூஞ்சையைச் சந்தேகிக்கலாம்.

பூஞ்சைக்குத் தூசி உணவு. ஆனால் அதை வளர்ப்பது ஈரம். ஈரம் நீங்காதவரை துடைப்பதெல்லாம் தற்காலிகம். வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதத்தை 30 முதல் 50 சதவீதத்துக்குள் வைக்க முடிந்தால் பூஞ்சையும் குறையும், தூசிப் பேன்களும் குறையும். தேவைக்கு மேல் பெரிய ஏசியைப் பொருத்தினால் அறை சில நிமிடங்களில் குளிர்ந்து இயந்திரம் நின்றுவிடும், ஈரம் மட்டும் அறையிலேயே தங்கிவிடும். கிரில்லில் நீர் முத்துக்கள் கோப்பதற்கு இதுவும் காரணமாகலாம். ஏசியை நிறுத்தும் முன் சிறிது நேரம் ஃபேன் மோடில் ஓடவிட்டுக் காயிலை உலர்த்துவது எளிய, பயனுள்ள பழக்கம்.

கிரில்லின்மேல் உள்ள சிறு புள்ளிகளைச் சோப்பு நீரால் நாமே துடைக்கலாம். குழாயின் உட்புறத்திலோ காயிலின்மேலோ பூஞ்சை பரவியிருந்தால் கைவைக்காமல் ஆளை அழையுங்கள். உட்புறக் கண்ணாடி இழைப் பஞ்சு நனைந்து பூஞ்சை பிடித்திருந்தால் அதைச் சுத்தம் செய்வது பலன் தராது. அகற்றிவிட்டுப் புதியது போட வேண்டும்.

குழாயைச் சுத்தம் செய்தால் ஒவ்வாமையும் ஆஸ்துமாவும் நின்றுவிடும் என்கிறார்களே?

அப்படி வாக்குக் கொடுப்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வீடுகளுக்காக வெளியிட்ட வழிகாட்டியில், குழாய்களைச் சுத்தம் செய்வது உடல்நலக் கேடுகளைத் தடுப்பதாக இதுவரை நிறுவப்படவில்லை என்றும், ஆண்டுக்கொரு முறை என்ற கணக்கில் செய்யாமல் தேவைப்படும்போது மட்டும் செய்தால் போதும் என்றும் தெளிவாகச் சொல்கிறது. உட்புறத்தில் கண்ணால் காணக்கூடிய அளவுக்குப் பூஞ்சை, எலி அல்லது பூச்சிகளின் தொல்லை, காற்று வாய்கள் வழியே அறைக்குள் துகள்கள் வந்து விழும் அளவுக்கு அடைப்பு ஆகிய மூன்றையே தேவை என்று அது குறிப்பிடுகிறது.

வீட்டில் ஒருவருக்கு மூச்சுத் தொல்லை இருக்கும்போது எதைச் செய்தாவது தீர்த்துவிட வேண்டும் என்று மனம் தவிப்பது இயல்பு. அந்தத் தவிப்பைப் பயன்படுத்தித்தான் தேவையற்ற பல வேலைகள் விற்கப்படுகின்றன. முதலில் மருத்துவரைப் பாருங்கள். அதோடு ஃபில்டர், படுக்கை விரிப்பு, தரை விரிப்பு, அறையின் ஈரம் ஆகியவற்றைக் கவனியுங்கள். ஒவ்வாமை உள்ளவர் கிரில்லைத் துடைக்கும் வேலையைத் தானே செய்யாமல் இருப்பதும், அப்போது அந்த அறையில் இல்லாமல் இருப்பதும் நல்லது.

ஏசியால் லீஜனயர்ஸ் நோய் வரும் என்று படித்தேன். வீட்டு ஏசியிலும் அந்த ஆபத்து உண்டா?

1976-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகர விடுதி ஒன்றில் நடந்த, அமெரிக்கன் லீஜன் என்ற முன்னாள் படைவீரர்கள் அமைப்பின் மாநாட்டுக்குப் பிறகு வெடித்த கடும் நிமோனியாவுக்கு அந்தப் பெயர் வந்தது. காரணமான பாக்டீரியா வெதுவெதுப்பான நீரில் பெருகி நீர்த்திவலைகள் வழியே பரவுவது. பெரிய கட்டடங்களின் குளிர்விப்புக் கோபுரங்கள் அதற்கு இடம் தரும். வீட்டு ஸ்பிளிட் ஏசியிலும் ஜன்னல் ஏசியிலும் அத்தகைய நீர்க்கோபுரம் இல்லாததால் இந்த அச்சம் தேவையில்லை.

அப்படியென்றால் எப்போது கட்டாயம் ஆளை அழைக்க வேண்டும்?

குழாய்க்குள் மேலே சொன்ன மூன்று நிலைமைகளில் ஒன்று தெரியும்போது அழையுங்கள். வீட்டைப் புதுப்பிக்கும் வேலையின்போது காற்று வாய்களை மூடாமல் ஏசியை ஓட்டியிருந்தாலும் ஒருமுறை முழுமையாகப் பார்க்கச் சொல்வது நியாயமே. ஸ்பிளிட் ஏசியில் புளோயர் தூர்ந்திருந்தாலோ, ஃபில்டரைக் கழுவியும் காற்று குறைவாக வந்தாலோ, நாற்றம் போகாவிட்டாலோ, இன்டோர் யூனிட்டிலிருந்து தண்ணீர் ஒழுகினாலோ, எம்சிபி அடிக்கடி விழுந்தாலோ, தீய்ந்த வாடை வந்தாலோ நாமே முயல வேண்டாம். தீய்ந்த வாடை வந்தால் ஆள் வரும்வரை மின்சாரத்தைத் துண்டித்தே வையுங்கள். கிரில் உயரமான கூரையில் இருந்து, ஏணியில் நின்று இரண்டு கைகளையும் தூக்க வேண்டியிருந்தால் அதுவும் போதுமான காரணம். தூசியைவிட விழுவது பெரிய ஆபத்து.

மிகப் பழைய கட்டடத்தில் குழாய்களைச் சுற்றி வெளிறிய நார்போன்ற உறையோ நாடாவோ தெரிந்தால் அது, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். தொடாமல், பெருக்காமல், அதற்கென்று பயிற்சி பெற்றவரைக் கொண்டு சோதிக்கச் சொல்லுங்கள்.

குழாய் சுத்தம் செய்ய வருபவர் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

குழாய்த் தொகுதியோடு ஆற்றல்மிக்க உறிஞ்சும் இயந்திரத்தை இணைத்து உள்ளே அறையைவிடக் குறைந்த காற்றழுத்தத்தை உண்டாக்கிய பிறகே, தூரிகையாலோ அழுத்தக் காற்றாலோ படிவுகளைப் பெயர்க்க வேண்டும். பெயரும் தூசி அறைக்குள் வராமல் உறிஞ்சும் பக்கமே ஓடுவதற்குத்தான் இந்த ஏற்பாடு. குழாயோடு நின்றுவிடாமல் காயில், புளோயர், வடிகால் டிரே, கிரில்கள் என்று முழு அமைப்பையும் சுத்தம் செய்ய வேண்டும். ஒன்றை விட்டாலும் அதிலுள்ள அழுக்கு மீண்டும் குழாய்க்குள் பரவும். அமெரிக்காவில் 1989-இல் தொடங்கப்பட்ட தேசியக் காற்றுக்குழாய்த் துப்புரவாளர் சங்கத்தின் செய்முறைத் தரமும் இதையே வலியுறுத்துகிறது. சிறு வாக்குவம் கிளீனரோடு வந்து, ஒவ்வொரு வாயிலும் குழலை நுழைத்து எடுத்து, அரைமணி நேரத்தில் கிளம்புபவர் செய்தது குழாய் சுத்தம் அன்று. அரைகுறையாகக் கிளறிவிட்ட குழாய், தொடாத குழாயைவிட அதிகத் தூசியை அறைக்குள் அனுப்பும்.

குழாய்க்குள் கிருமிநாசினிப் புகை அடிக்கலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளலாமா?

அவசரப்பட்டு ஒப்புக்கொள்ள வேண்டாம். எந்த மருந்து, எந்தக் கிருமிக்காக, எந்தப் பரப்பில் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டது என்று எழுத்தில் கேளுங்கள். குழாய் முதலில் சுத்தமாகி உலர்ந்திருக்க வேண்டும்; அழுக்கின்மேல் அடித்த மருந்தால் பயனில்லை. கண்ணாடி இழை பதித்த குழாய்களில் இத்தகைய மருந்துகளைத் தெளிப்பதை நானாக இருந்தால் மறுத்துவிடுவேன், ஏனென்றால் உறிஞ்சிய இழையிலிருந்து அதை மீண்டும் எடுக்க வழியே இல்லை. வாசனை சேர்த்தால் நாற்றம் மறையுமே தவிர நாற்றத்தின் காரணம் அங்கேயே இருக்கும்.

சர்வீசுக்கு வந்தவர், கேஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும் என்கிறார். ஆண்டுதோறும் கேஸ் நிரப்ப வேண்டுமா?

வேண்டாம். குளிர்பதன வாயு மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது, எரிபொருளைப்போல் செலவாவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புவது பணத்தைக் காற்றில் விடுவதாகும். தூசி அடைத்த ஃபில்டரும் காயிலும் கேஸ் குறைந்ததுபோன்ற அறிகுறிகளையே காட்டும் என்பதால், சுத்தம் செய்து முடித்த பிறகு அழுத்தத்தையும் வெப்பநிலையையும் அளந்து காட்டச் சொல்லுங்கள். இப்போது பரவலாக உள்ள ஆர்-32 வாயு மிதமாகத் தீப்பற்றும் தன்மையுடையது. ஆர்-290 என்பது புரொபேன், எளிதில் தீப்பற்றும். இந்த இணைப்புகளில் பழகாத கை படவே கூடாது.

வேலை முடிந்ததும் எதைப் பார்த்துப் பணம் கொடுப்பது?

தொடங்கும் முன்பே எந்தெந்தப் பாகங்கள் சுத்தம் செய்யப்படும், மொத்தத் தொகை எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வந்தவுடன் பயமுறுத்தும் பூஞ்சைப் படத்தைக் காட்டினால், அது உங்கள் வீட்டுக் குழாயில்தான் எடுக்கப்பட்டதா என்று உங்கள் கண்முன்னே மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

முடிந்தபின் அதே இடங்களின் படங்களைக் கேளுங்கள். தகரக் குழாயில் துடைத்தால் துணியில் தூசி வரக் கூடாது. காயிலின் தகடுகளுக்கு இடையே டார்ச் ஒளி ஊடுருவ வேண்டும், தகடுகள் மடங்கியிருக்கக் கூடாது. புளோயர் இதழ்களின் விளிம்பு தெளிவாகத் தெரிய வேண்டும். சோதனைக்காகக் குழாயில் வெட்டிய துளைகள் தகடு வைத்துக் காற்றுப் புகாதபடி மூடப்பட்டிருக்க வேண்டும். டிரேயில் ஒரு குவளை நீரை ஊற்றி, அது வடிகுழாய் வழியே வெளியே வருவதை நேரில் பாருங்கள். பிறகு கால் மணி நேரம் இயந்திரத்தை ஓடவிட்டு, புதிய ஓசையோ அதிர்வோ ஒழுகலோ இல்லை, எல்லா வாய்களிலும் காற்று வருகிறது என்று உறுதி செய்துகொண்ட பின்னரே அவரை அனுப்பி வையுங்கள்.